தூக்கத்துக்குக் குறைத்த ஒரு மார்க்

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். காளப்பநாயக்கன்பட்டியில் ஓர் அறக்கட்டளை ஆபீஸில் வேலை பார்த்தேன். கொல்லிமலைக் குடும்பங்கள் மாதாமாதம் கொஞ்சம் போடுவார்கள். யாருக்காவது உடம்புக்கு வந்தால் அந்தப் பொது நிதியிலிருந்து மருந்து வாங்கிக் கொடுப்போம். எந்த மருந்துக்குப் பணம் கொடுப்பது தகும் என்று பார்க்க, நானே கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். விலை, பலன், பக்கவிளைவாக வரும் தொந்தரவு மூன்றையும் தட்டினால் மருந்துக்கு மார்க் வரும். அதிக மார்க் வாங்கியதைத்தான் எங்கள் டாக்டர் எழுதுவார். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

வலிப்புக்கு இரண்டு மாத்திரைகள் போட்டியில் இருந்தன. விலை குறைந்ததைச் சாப்பிட்டால் தூக்கம் வருமாம். தூங்கினால் நல்லதுதானே என்று அதற்கு ஒரே ஒரு மார்க் குறைத்தேன். அதுவே ஜெயித்தது.

ஒரு வருஷம் கழித்து, அதைச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து எழுதி வர மலைக்குப் போனேன். தை மாசம். பஸ் வளைவு வளைவாக ஏற ஏற வெளியே எல்லாம் பனிமூட்டத்தில் வெள்ளையாகிவிட்டது. தேவனூர் நாடு என்ற மலையூரில் இறங்கி நடந்தால், என் கால் எனக்கே தெரியவில்லை. ஒரு பலாமரம் திடீரென்று எதிரே வந்து நின்றது, அப்புறம் அதுவும் கரைந்துபோனது. எங்கேயோ தண்ணீர் ஓடியது. தூக்கத்தில் நடக்கிற மாதிரி சுகமாக இருந்தது.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். "ஏனுங்க, கேக்குதுங்களா?"

உயரத்திலிருந்து, "ம்."

கொஞ்சம் விட்டு, "ஏனுங்க, மத்தியானத்துக்கு என்ன ஆக்கட்டும்?"

"ம்."

கிட்டே போனேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில், கணுக்களில் கால் வைத்து ஏறும் ஒற்றை மூங்கில் ஏணியைப் பிடித்தபடி ஓர் அக்கா நின்றிருந்தார். மேலே மிளகு பறிப்பது அவர் வீட்டுக்காரர். நான் பார்க்க வந்ததே அவரைத்தான். ஆனால் ஏணி பாதியிலேயே பனிக்குள் போய்விட்டதால் ஆளைப் பார்க்க முடியவில்லை.

ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று சொல்லி, "வலிப்பு நின்னுடுச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"ஒருக்காகூட வரலீங்க அம்மணி."

சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். அக்கா மறுபடியும் "ஏனுங்க" என்றார். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். மிளகுப் பை மட்டும் தொப்பென்று எங்கள் முன்னால் விழுந்தது. அக்கா ஒரு கல்லை எடுத்து மரத்தை இடி இடியென்று இடித்தார். அந்தச் சில விநாடிகள் இன்னும் எனக்கு முடியவில்லை.

"இருக்கேன் புள்ள..." என்று ஒரு கலங்கிய குரல் வந்தது.

கணுக் கணுவாக இறங்கி வந்தார். கன்னத்தில் மரப்பட்டை அழுந்திய தடம். மரத்தைக் கட்டிக்கொண்டே தூங்கியிருக்கிறார்.

"மாத்திரை போட்டா இப்படித்தானுங்க. போடலீன்னா வலிப்பு வந்துரும். அதான் மரமேறுற அன்னிக்கு நான் பேசிக்கிட்டே நிப்பேன்" என்றார் அக்கா, ஏதோ வழக்கமான வீட்டு வேலையைச் சொல்வது போல.

"எங்க ஆளுங்க மாசாமாசம் வர்றாங்களே, சொல்லியிருக்கலாமே அக்கா?"

"வலிப்பு வருதான்னு மட்டுந்தானுங்களே கேட்டாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாளே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெதுமெதுவாக மாத்திரையை மாற்றினார். அது முடிகிறவரை மரமேறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நான் புரோகிராமைத் திறந்து, நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று ஒரு கட்டம் சேர்த்தேன். மரமேறும் வேலை என்று தட்டியதும் மார்க் அப்படியே தலைகீழானது. விலை கூடுதலான மாத்திரைக்கு அறக்கட்டளைக் கமிட்டியும் ஒப்புக்கொண்டது.

அடுத்த மிளகுப் பருவத்தில் போனபோது அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் மரத்தில் இருந்தார். கீழே யாரும் காவலுக்கு இல்லை. அக்கா வீட்டில் படுத்து மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எவ்வளவோ பெரிய புரோகிராம்களில் வேலை பார்த்துவிட்டேன். ஆனாலும் ஒரு மருந்தைக் காட்டி யாராவது "சின்னத் தொந்தரவுதான்" என்று சொன்னால், யாருக்குச் சின்னது என்று கேட்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை.