பிரபாவதி கேட்ட ஒரு வாய்

கன்வேயர் பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடுகிறவர்களுக்கு அவசரம் ஆகாது. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியைச் சுமந்து ஓடும் பெல்ட், குறுக்கே ஓர் ஆள் நீட்டிப் படுத்தாலும் மிச்சம் இருக்கும் அளவுக்கு அகலமானது. அது அறுந்தால் இரண்டு முனைகளையும் சீவி, நடுவே இன்னும் வேகாத பச்சை ரப்பரை வைத்து, இரும்புத் தகடுகளுக்கு இடையில் அழுத்திச் சூடேற்ற வேண்டும். ரப்பர் வெந்து, பிறகு தானாக ஆறும்வரை அந்தப் பிரஸ்ஸைத் திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் உள்ளே கொப்புளம் கட்டிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கரி ஏறியதும் பிய்ந்துகொள்ளும்.

செங்குட்டுவன் இந்த வேலையை நெய்வேலியில் 1988 முதல் 2024 மே மாதம் வரை பார்த்தார். முதல் ஆறு ஆண்டுகள் கான்ட்ராக்ட், அதன்பின் பெர்மனெண்ட். பெல்ட் நின்றுவிட்டால் போன்மேல் போன் வரும்.

"இன்னும் எவ்ளோ நேரம்யா? எல்லாம் நின்னுக்கினு இருக்கு."

"வேகுது சார்" என்பார் செங்குட்டுவன். அதற்குமேல் ஒரு சொல் வராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு முறை, யாரோ விரட்டினார்கள் என்று பிரஸ்ஸை முன்னதாகத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஷிப்டிலேயே ஜாயிண்ட் பிரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அதன்பிறகு செங்குட்டுவன் எதையும் முன்னதாகத் திறப்பதில்லை என்று ஆகிவிட்டது. இந்தப் பழக்கம் மெல்ல மெல்லக் குவார்ட்டர்ஸுக்குள்ளும் வந்தது. தீபாவளித் துணிப் பையைத் தீபாவளி காலையில்தான் பிரிப்பார். கல்யாணத்துக்கு வந்த பட்டுப்போர்வை மகள் பிறந்தபிறகுதான் வெளியே வந்தது.

"எங்க வூட்டுக்காரருக்கு எல்லாமே வேவணும்" என்று பிரபாவதி பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் பண்ருட்டிப் பக்கம். பலாப்பழத்தை வாசம் வந்த அன்றே வெட்டிப் பார்த்துவிடுகிற வீட்டில் வளர்ந்தவள்.

2008-ஆம் ஆண்டு புது பெல்ட் ஒன்றை ஓட்டிக் காட்டுவதற்காக லூக் என்ற பிரெஞ்சு இன்ஜினியர் வந்து மூன்று மாதம் தங்கினார். விருந்தினர் விடுதிச் சாப்பாடு அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. செங்குட்டுவன் ஒருநாள் வீட்டுக்கு அழைத்துவந்தார். பிரபாவதி மிளகாயைக் குறைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கோழிக்குழம்பு வைத்தாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் லூக் சைக்கிளில் வந்துவிடுவார். இட்லியைக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடக்கூடப் பழகிக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். போர்தோ பகுதியின் சிவப்பு ஒயின். லேபிளில் கோபுரம் வைத்த மாளிகைப் படம், பொன்னெழுத்து, 2003 என்ற ஆண்டு. பிரான்சில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்றார். தெரிந்த ஆங்கிலத்தில், "இப்போது வேண்டாம். காத்திருங்கள். பத்து வருடம், பதினைந்து வருடம்" என்று விரல்களை விரித்துக் காட்டினார்.

செங்குட்டுவனுக்கு அதைவிடப் புரிகிற பேச்சு வேறில்லை. உள்ளே வெந்துகொண்டிருக்கிறது, ஆனபிறகு திறக்க வேண்டும். எங்கே வைப்பது, எப்படி வைப்பது என்று அவர் கேட்கவில்லை. லூக்கும் சொல்லவில்லை. மேற்குப் பார்த்த அறையில் இருந்த இரும்பு பீரோவில், வீட்டுப் பத்திரங்களுக்குப் பக்கத்தில், ஒழுகிவிடக் கூடாதென்று நேராக நிறுத்திவைத்துப் பூட்டினார்.

"எப்ப திறக்கறது?" என்று பிரபாவதி கேட்டாள்.

"ரிட்டயர்மெண்ட் அன்னிக்கு."

"அடேங்கப்பா. அப்ப நானும் ஒரு வாய் குடிப்பேன். சொல்லிட்டேன்."

நெய்வேலிக் கோடை பதினைந்துக்கும் மேல் வந்து போயிற்று. ஏப்ரல், மே மாதங்களில் மேலே மொட்டைமாடி காயும் அந்த அறையில் பீரோக் கதவைத் தொட்டால் கை சுடும். மகள் இசைப்பிரியா படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். கலைச்செல்வனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் பிரபாவதி பீரோவைத் திறந்து நகை எடுத்தபோது, "இன்னிக்குத் திறந்தா என்னவாம்?" என்றாள். செங்குட்டுவன் தலையாட்டி மறுத்தார். அவளும் சிரித்துக்கொண்டே பூட்டினாள்.

2021-இன் கடைசியில் அவளுக்கு நோய் என்று தெரிந்தது. புதுச்சேரிக்குப் போய்ப் போய் ஊசி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம், கட்டிலில் சாய்ந்திருந்தவள், "அந்த பாட்டில திறங்களேன். உள்ள என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்றாள்.

"இன்னும் ரெண்டு வருஷந்தான். நீ தேறி எழுந்து வா. சேந்து குடிப்போம்."

"அதுக்குள்ள நான் வெந்துடுவேன் போலிருக்கே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதத்தில் போய்விட்டாள்.

அவளுடைய அண்ணன் தணிகாசலம் புதுச்சேரியில், கடற்கரைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஓட்டலில் முப்பது ஆண்டுகளாக மேசைக்கு ஒயின் ஊற்றும் வேலையில் இருந்தவர். வாயில் வைத்ததைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியாதவர். தங்கை கல்யாணப் பந்தியிலேயே ரசம் புளிக்கிறது என்று சமையல்காரரிடம் சொன்னவர். பிரபாவதி அந்தப் பாட்டில் சங்கதியை அவரிடம் போனில் வேடிக்கையாகச் சொல்லியிருந்தாள். கருமாதி முடிந்ததும் அவர் செங்குட்டுவனைப் பார்த்து, "ஒரு வாய் கேட்டாளாமே" என்று மட்டும் கேட்டார். அப்புறம் இரண்டு ஆண்டுகள் இந்தப் பக்கம் வரவில்லை.

2024 மே 31 வெள்ளிக்கிழமை. காலை ஷிப்ட் முடிந்ததும் செங்குட்டுவனுக்கு மாலை போட்டு, வாழைமரம் கட்டிய வேனில் ஏற்றி, வெடி வெடித்துக் குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். பெல்ட் பிரிவுக்காரர்கள் பத்துப் பேர் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பிரியாணி வந்தது. பாட்டிலும் பீரோவைவிட்டு வெளியே வந்தது.

லேபிளைப் பார்த்ததும் மருமகன் கலைச்செல்வன் போனில் தேடினான். "மாமா, இது சாதாரணப் பேரு இல்ல! ராஜா வீட்டு விருந்துல வைக்கறதாம்."

எல்லோரும் எழுந்துவந்து பார்த்தார்கள். கார்க் எடுக்கும் கருவி இல்லை. செங்குட்டுவனோடு இருபது ஆண்டுகள் ஒரே பிரஸ்ஸில் நின்ற வீரமுத்து கழுத்தை மூடியிருந்த தகட்டு உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். கார்க் பாதி உதிர்ந்து உள்ளே விழுந்தது. பேப்பர் கப்பில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள்.

"ஆகா" என்றார் வீரமுத்து. "பிரான்ஸ்னா பிரான்ஸ்தான்யா. தொண்டையில என்னமா எறங்குது!"

"இன்னொரு கப்பு குடிச்சா பிரெஞ்சே பேசுவாரு" என்றார் ஒருவர்.

"செம மாமா" என்றான் கலைச்செல்வன், கப்பைக் கீழே வைத்துவிட்டு.

ஜும்மா தொழுகை முடித்து நேராக வந்திருந்த சாகுல் ஹமீது குடிக்காதவர். கையில் டீயோடு சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏம்பா, ஊறுகாய் ஜாடி எதனா ஒடஞ்சிடுச்சா? புளிச்ச வாசம் அடிக்குதே."

"யோவ், ஒனக்கு என்னய்யா தெரியும்? டீயக் குடி" என்று நாலு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். அவரும் சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்.

செங்குட்டுவன் ஒரு வாய் வைத்தார். புளித்தது. பின்னால் ஏதோ துருப் போலக் கசந்தது. இதுதான் இதன் ருசியோ என்னவோ என்று நினைத்துக்கொண்டார். இதற்குமுன் குடித்ததில்லை அல்லவா. நல்லதாக இருக்க வேண்டும் என்று அவர் மனம் கெஞ்சியது. நல்லதாக இருந்துவிட்டால் காத்திருந்தது சரி. அந்தப் பிப்ரவரிச் சாயங்காலம் மறுத்ததற்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். இல்லையென்றால்? அதற்குமேல் நினைக்கப் பிடிக்கவில்லை.

தணிகாசலம் அப்போதுதான் உள்ளே வந்தார். இசைப்பிரியா போனில் அழுது கூப்பிட்டதால் வந்திருந்தார். செங்குட்டுவனுக்கு ஒரு துண்டு போர்த்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். கப்பு நீட்டியவர்களிடம், "அப்பறம்" என்றார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக் கிளம்பினார்கள். வெயில் தாழ்ந்தபோது வீட்டில் மிஞ்சியது மகளும் மருமகனும் அவரும்தான்.

"மச்சான்" என்றார் செங்குட்டுவன். "எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க."

"என் வாயால கேக்கணுமா, மாப்ள?"

"உங்க வாயாலதான்."

தணிகாசலம் இசைப்பிரியாவிடம் கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கழுவிக் கேட்டார். பாட்டிலின் லேபிள்மேல் துண்டைச் சுற்றினார். "இதக் கண்ணுல பாத்துக்கினே குடிச்சா, நாக்கு அதுக்கு வக்காலத்து வாங்கும்மா" என்றார் அவளிடம். இரண்டு விரல் அளவு ஊற்றினார். தம்ளரைச் சாய்த்துத் தம் வெள்ளை வேட்டிமேல் பிடித்து நிறம் பார்த்தார். சிவப்பாக இல்லை. செங்கல் கழுவிய தண்ணீர்போல இருந்தது. மோந்தார். ஒரு மடக்கு வாயில் வைத்து, கண்ணை மூடி, அப்படியே இருந்தார். பிறகு எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்தார்.

"செத்துப் போச்சு" என்றார்.

தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுச் செங்குட்டுவன் பக்கம் திரும்பினார்.

"கொடுத்தவன் நல்லதத்தான் கொடுத்திருக்கான். வச்சிருந்து குடிக்கற சரக்குதான் இது, அவன் சொன்னது தப்பில்ல. ஆனா நிலவறையில, ஜில்லுனு, இருட்டுல, படுத்துக்கினு கெடக்கணும். நீ நிக்க வச்சிருக்கற. கார்க் காஞ்சி காத்து போயிருக்கு. மே மாச வெயிலு வேற வேவச்சிருக்கு."

செங்குட்டுவன் தலையை ஆட்டினார். பிறகு, கேட்டே ஆக வேண்டியதைக் கேட்டார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி திறந்திருந்தா?"

இசைப்பிரியா அப்பாவையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தாள். தணிகாசலம் பாட்டில் கழுத்திலிருந்து கழன்று மேசைமேல் கிடந்த தகட்டு உறையை எடுத்து, உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பினார். கறுத்த கறை ஒன்று நகத்தால் சுரண்டியும் வரவில்லை.

"கேளு மாப்ள. நான் உன்மேல கோவமாத்தான் வந்தேன். இது நல்லாருந்து, நீதான் அவளுக்குக் குடுக்காம வுட்டன்னு இருந்திருந்தா, அதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். ஆனா இந்தக் கறையப் பாரு. சூட்டுல பொங்கி வெளிய வழிஞ்சி காஞ்சது. இன்னிக்கி நேத்திக்கி வழிஞ்சதில்ல, கல்லாட்டம் ஆயிடுச்சு. நீ வச்ச மொத ரெண்டு மூணு கோடையிலயே இது முடிஞ்சிருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி திறந்திருந்தாலும் இதே புளிப்புத்தான்."

"பாத்தியாப்பா" என்று இசைப்பிரியா அவர் கையைப் பிடித்தாள். "அம்மாவுக்கு ஒண்ணும் போயிடல. இதத்தான மனசுல வச்சிக்கிட்டு இருந்த?"

செங்குட்டுவன் மூச்சை விட்டார். இரண்டு ஆண்டுகளாக நெஞ்சில் இருந்த கல் நகர்ந்தது போலத்தான் முதலில் இருந்தது. அவள் கேட்டதும் இந்தக் கெட்டுப்போன தண்ணீரைத்தான். அவர் மறுத்ததும் இதைத்தான். நல்லது எதையும் அவளிடமிருந்து அவர் பூட்டிவைத்துவிடவில்லை.

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் வேறு மாதிரி நடப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் எழுந்துபோய்ப் பாட்டிலை எடுத்துவருகிறார். திறக்கத் தெரியாமல் திண்டாடுகிறார். கட்டிலில் இருந்தபடியே அவள் யோசனை சொல்கிறாள். தம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறார். அவள் ஒரு வாய் குடிக்கிறாள்.

"அவ காறித் துப்பியிருப்பா, மச்சான்" என்றார்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துப்பிட்டு வுட்டிருப்பாளா? இதுக்கா பீரோவுல பூட்டி வச்சிக்கினு இருந்தன்னு ஒன்ன ஒரு மாசம் ஓட்டியிருப்பா. எனக்குப் போன் போட்டு வேற சொல்லியிருப்பா."

மருமகனும் சிரித்தான். செங்குட்டுவனும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார்.

"ஒரு மாசந்தானே மச்சான் இருந்தா" என்றார். "அந்த ஒரு மாசமும் சிரிச்சிருப்பாளே."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். "ஊத்திடட்டுமா, மாப்ள?"

"ஊத்திடுங்க" என்றார் செங்குட்டுவன். தொட்டியில் அது இறங்கி முடியும்வரை இசைப்பிரியா அவர் கையை விடவில்லை.