கர்னல் சொல்ல மறந்த சொல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை விடுகிறேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நடந்தது நடந்ததுதான்.

முப்பத்தொரு வருட ராணுவம், நெஞ்சில் நாலு பதக்கம். இப்போது கர்னலுக்கு மிச்சம் முழங்கால் வலியும் அலுப்பும்தான். "உங்க வாழ்க்கையை எழுதுங்கப்பா" என்று மகள் நச்சரித்ததால் மேசையில் உட்கார்ந்தார். எழுத்தில் மலை முகாம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

முகாமில் தினமும் ஓர் அடையாளச் சொல் உண்டு. இருட்டில் வருகிறவன் அதைச் சொல்லாவிட்டால் காவலாள் சுட்டுவிடுவான். அன்று கர்னல் சொல்லை மாற்றினார். ரோந்து போனவனிடம் சொன்னார். காவலில் நின்ற நெட்டையனிடம் சொல்ல மறந்துவிட்டார். திரும்பி வந்தவன் புதிய சொல்லைச் சொன்னான். நெட்டையன் சுட்டான். வந்தவன் அங்கேயே செத்தான்.

விசாரணையில் கர்னல் கூசாமல் சொன்னார்: "நான் சொன்னேன். அவன்தான் மறந்துட்டான்."

நெட்டையனின் வேலை போனது. அடுத்த மாதம் கர்னலுக்குப் பெரிய பதக்கம் வந்தது.

அந்தப் பக்கத்தில் பொய்யையே எழுதுவதா, உண்மையையா? எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

திங்கள், மத்தியானம் 3.20. வராந்தாவில் பூட்ஸ் சத்தம். டக்... டக்... கதவருகே நின்றது.

"ஐயா... இன்னைக்குச் சொல் என்ன?"

நெட்டையனின் குரல். நியாயம் கேட்க வந்துவிட்டான் என்று நினைத்தார் கர்னல். கதவைத் திறந்தார். யாரும் இல்லை.

செவ்வாய், 3.20. கொளுத்தும் வெயில். குரல் மட்டும் குளிரில் நடுங்கியது.

"ஐயா... சொல் என்ன?"

கர்னல் கதவை உள்ளே தாழிட்டார்.

புதன். வெளியே அடைமழை.

டக்... டக்...

"ஐயா..."

திறந்தார். வராந்தாவில் ஓர் ஈரத் தடம்கூட இல்லை.

"யாருப்பா வந்தது?" உள்ளிருந்து மகள்.

"உனக்குக் கேக்கலையா?"

"மழைச் சத்தம்தான் கேட்டுச்சு."

கர்னலுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இனி ஓட முடியாது. பழைய சகா ஒருவரிடம் எண் வாங்கி, நெட்டையன் வீட்டுக்கு அழைத்தார். அவன் மனைவி எடுத்தாள்.

"அம்மா, நான் கர்னல் பேசறேன். அன்னைக்குத் தப்பு என்னுது. நான்தான் அவன்கிட்ட சொல்லல. அவனைக் கூப்பிடுங்க, நானே சொல்லிடறேன்."



"ஞாயித்துக்கிழமை போயிட்டாருங்க. திங்கள் காலைல அடக்கம் பண்ணோம்."

திங்கள், செவ்வாய், புதன் என்று கர்னல் விரல்விட்டு எண்ணினார்.

"சாகுற வரைக்கும், அந்தச் சொல்லை எப்படி மறந்தேன், எப்படி மறந்தேன்னு தலையில அடிச்சுக்கிட்டே இருந்தாருங்க ஐயா."