மதில்மேல் வலம்

இங்கிலாந்தின் செஸ்டர் நகரம். பழைய மதில்மேல் பாதிச் சுற்று வந்ததும் மாமியார் நின்றுவிடுகிறார். ரொறன்ரோவில் பால் வாங்கவும் காரில் போகிறவர். களைத்துவிட்டார் என்று உள்ளூரச் சந்தோஷப்படுகிறேன்.

"தம்பி, கோயில் இடப்பக்கம் வருது. பிழையாச் சுத்துறம்."

"அது தேவாலயம், மாமி."

"ஆரின்ரை எண்டாலும் கோயில்தானே."

எதிரே நாயோடு வரும் உள்ளூர்க்காரரிடம், எந்தப் பக்கமாகச் சுற்றுவது முறை என்று கேட்கிறேன். "எப்படியும் போகலாம், முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம்," என்கிறார் ஆங்கிலத்தில். அவருக்குத் தேவாலயம் வலப்பக்கம் இருப்பதை மாமியார் கவனிக்கிறார்.

"உந்த நாய்க்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியேல்லை."

திரும்பி, நாயின் பின்னால் நடக்கிறார். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது என்கிறேன்.

"வந்த அரைச்சுற்று சேராது. இனித்தான் மூண்டு சுற்று."