படுத்தவன் பங்கு

அன்று இருந்தவர்கள் நான், எங்கள் மேஸ்திரி, கூட மூட்டை சுமக்கும் எட்டுப் பேர், புதுக் கம்பெனியின் சூப்பர்வைசர். வேறு யாருமில்லை.

விருத்தாசலம் கூட்ஸ் ஷெட்டை அப்போதுதான் தனியாரிடம் விட்டிருந்தார்கள். மண்தரை போய் கான்கிரீட் மேடை வந்தது, பெரிய விளக்குகள் வந்தன. உர மூட்டைகளைக் குறித்த நேரத்துக்குள் இறக்காவிட்டால் கம்பெனிக்கு அபராதம். ஓட்டமாக ஓடினோம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மேடை வழவழவென்று இருக்கிறது, எவனாவது விழப்போகிறான் என்று புலம்புவேன்.

"வாயக் கழுவுய்யா, ஒனக்கு ஏணியப் பாத்தாலே காய்ச்சல் வரும்" என்று சிரிப்பார்கள்.

விழுந்தது நான்தான். தோளிலிருந்த மூட்டை பாதத்தின் மேல் இறங்கியது.

சூப்பர்வைசர் போனை எடுத்தார். "ஆபீஸுக்குச் சொல்லணும். ஆக்சிடெண்ட்டுன்னு எழுதணும்."

மேஸ்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எழுதுனா எங்கள வேணாம்னுட்டு வெளியூரு ஆள எறக்கிடுவாங்க சார்." சூப்பர்வைசர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேஸ்திரி என்னிடம் குனிந்தார். "தம்பி, வூட்டு பாத்ரூம்ல வழுக்குனேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிடு. ஒன் பங்கு வந்துரும்."

எங்களிடம் அப்படியொரு வழக்கம். வேலையில் அடிபட்டுப் படுத்தவனுக்கு, எழுந்து வரும்வரை சமப் பங்கு உண்டு. முன்பெல்லாம் வியாபாரிகள் மொத்தக் கூலியையும் மேஸ்திரி கையில் கொடுப்பார்கள். படுத்தவன் பங்கைத் தனியே எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் பிரிப்பார். அந்தத் தைரியத்தில் பாத்ரூம் என்றே சொன்னேன். டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

புதுக் கம்பெனியோ கூலியை அவரவர் பேங்க் கணக்கில் போட்டது. வேலைக்கு வந்து வருகை மெஷினில் முகத்தைக் காட்டியவனுக்கு மட்டும்தான் பணம். இதை யாரும் யோசிக்கவில்லை. எதையெதையோ நினைத்துப் பயப்படும் எனக்கும் தோன்றவில்லை. முதல் வாரம் எல்லோரும் எடுத்துக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர். அதன்பிறகு மேஸ்திரி வெறுங்கையோடு வந்து வாசலிலேயே நின்றார்.

"அக்கவுண்ட்ல வுழுந்த ஒடனே லோன்காரன் புடிச்சிக்கிறான் தம்பி. நான் யாரு சட்டையப் புடிக்கிறது?"

"இப்ப கம்பெனில சொன்னா என்னாண்ணே?"

"பாத்ரூம்னு சீட்டு இருக்குதே."

உள்ளேயிருந்து என் மனைவி, "அப்ப அந்த பாத்ரூமையே கூலி குடுக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்தபடி போனார்.

எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. திரும்ப அறுத்துச் சரிசெய்தால்தான் மூட்டை தூக்க முடியுமாம். மனைவி பீங்கான் பட்டறைக்குப் போகிறாள். கூட்டாளிகள் கடைத்தெருவில் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொள்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை, கையில் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் ஆபரேஷனுக்கு நான் நம்பியிருப்பது அந்தப் பங்கைத்தான். இன்னும் வர வேண்டியது இருபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.