புளித்தண்ணீரில் கழுவிய மீட்டர்கள்

அறுபத்து மூன்றில் பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்தத் தங்கத்தில் தாலி கேட்கும் பைத்தியக்காரர் காரைக்குடியில் எவருமில்லை. என் நகைப் பட்டறை அவிந்துபோனது. ஒரு வருடம் ரேடியோ கடையொன்றில் உட்கார்ந்து ஈயப்பற்று வைக்கப் பழகினேன். அங்கேயும் வேலையைவிட ஆள் அதிகம். வீட்டில் மனைவி, மூன்று பெண் பிள்ளைகள், ஒரு வேளைக் கஞ்சி. எனக்கு பயம். அந்த பயத்தில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் கல்லூரியில் பௌதிகம் நடத்தும் பேராசிரியர், என் பழைய வாடிக்கைக்காரர், மூன்று மீட்டர்களை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மின்சாரம் அளப்பவை. உலகச் சண்டைக்கு முன்னால் சீமையிலிருந்து வந்த சாமான், உதிரி பாகம் எங்கும் கிடைக்காது. மூன்றிலும் முள் செத்துக் கிடந்தது.

"இத ஓட வைங்க பத்தரே. லேபுல கருவிகளப் பாத்துக்கிற வேலை காலியா இருக்கு. பிரின்சிபால்கிட்ட நான் பேசுறேன்."

அரசாங்கச் சம்பளமே கிடைத்துவிட்ட மாதிரி மனைவி அன்றைக்கு எனக்குக் காப்பி போட்டாள்.

பட்டறைப் பலகையில் வைத்துத் திறந்தேன். முள்ளைத் தள்ளும் சுருளில் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, மூன்றிலும் அறுந்திருந்தது. மற்றவன் கை நடுங்கும். தங்கத்தை இழை இழையாய் இழுத்த கைக்கு அது ஒரு பொருட்டா? ஒவ்வொன்றையும் இழுத்துப் பிடித்துப் பற்று வைத்தேன். பேட்டரிக் கட்டையைத் தொட்டதும் முள் துள்ளி எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பற்று வைத்த எதையும் புளித்தண்ணீரில் கழுவாமல் கொடுத்தால் எங்களுக்கு வேலை முடிந்த மாதிரியே இருக்காது. கறுப்பு போகும், நகை பளிச்சென்று வரும். சுருள்களையும் கழுவினேன். நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மூடிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து கல்லூரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போனேன். மேஜையில் வேலை உத்தரவு கையெழுத்தாகிக் கிடந்தது.

"திங்கக்கிழம சேந்துருங்க. ஒரு மீட்டர் மட்டும் நேத்துலருந்து ஆடல. பரவால்ல, சேந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பேராசிரியர்.

சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்க வேண்டியவன், அங்கேயே அதைத் திறந்தேன். சுருள் முழுக்கப் பச்சைக் களிம்பு. சுற்றுகளுக்குள் இறங்கிய புளிப்பு வெளியே வரவேயில்லை, உள்ளேயே இருந்து செம்பைத் தின்றிருக்கிறது. மற்ற இரண்டும் அதே தண்ணீரில் கழுவியவைதான்.

என்னை உத்தமன் என்று நினைத்துவிட வேண்டாம். களிம்பைக் கண்ட அதிர்ச்சியில் வாய் தானாகத் திறந்துவிட்டது. "அந்த ரெண்டும் இப்புடித்தான் போகும் சார். தப்பு எம்மேலதான். புதுக் கம்பி சுத்தித் தர்றேன்" என்றேன்.

அவர் உத்தரவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். "இனிமே இத ஒங்க கையில எப்படிக் குடுக்குறது, பத்தரே?"

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி அழவில்லை.

"வலையபட்டி ஆச்சி வளையல்ல செம்பக் கூடுதலாக் கலந்தீகளே, அன்னைக்கு இந்த வாய் எங்குட்டுப் போச்சு? எம்பிள்ளைக கஞ்சியில கை வைக்கத்தான் ஒங்களுக்கு உண்மை வந்துச்சாக்கும்?"

அடிக்கக் கையை ஓங்கினேன். அவள் நகரவில்லை. பிள்ளைகள் மூன்றும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றன. ஆச்சி அந்த வளையலை எத்தனை நம்பிக்கையோடு வாங்கிப் போட்டுக்கொண்டாள் என்று எனக்குத்தான் தெரியும். கையைக் கீழே இறக்கினேன்.