ஆறு இடங்களில் திருத்தியவர்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். மற்றவர்கள் எழுதிச் சேர்த்த கம்ப்யூட்டர் நிரலை அவர் வெட்டிக் குறைப்பார். இன்று நூறு வரி எழுதினேன் என்று மார்தட்டுகிற கூட்டத்தில், நானூறு வரியை எடுத்தேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற ஒரே ஆள் அவர்தான். முகத்துக்கு நேரே எல்லாரும் அக்கா என்போம். முன்பு அவர் இப்படி இல்லை. ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்திப் பிரிக்க வேண்டும் என்று கேட்கிற ஆளாகத்தான் இருந்தார். அவரை மாற்றியது ஓர் ஆம்புலன்ஸ். அந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன், கோபத்தில் பாதிக்கு மேல் என் மேல்.

அவசர உதவி மையத்துக்கான சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. யாராவது போன் செய்தால் எந்த ஆம்புலன்ஸ் சீக்கிரம் போய்ச் சேரும் என்று அது கண்டுபிடித்துச் சொல்லும். கணக்கு ஒன்றுதான். ஆனால் அதை ஏழு இடங்களில் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். பொதுமக்கள் அழைத்தால் ஒன்று, நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற ஒன்று, தீயணைப்புத் துறை கேட்டால் ஒன்று, இப்படி. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் ஆட்கள். அடுத்தவன் எழுதியதை நம்பி இருந்தால் நாளைக்கு அவன் மாற்றிவிடுவானோ என்று பயம். அப்படியே எடுத்துத் தன் இடத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது. பழைய பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். சாஃப்ட்வேருக்கு அது எப்படித் தெரியும்? அக்கரையில் நிற்கிற வண்டியையும் பக்கத்து வண்டி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சுற்றுவழியைக் கணக்கில் எடுக்கும்படி திருத்துகிற வேலை அக்காவிடம் வந்தது. அந்தக் கணக்கின் பெயரைப் போட்டுத் தேடினார், ஆறு இடங்கள் வந்தன. ஆறிலும் திருத்தினார். ஆறையும் சோதித்துப் பார்த்து, முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார்.

ஏழாவது, தேடலில் வரவில்லை. எங்கள் ஊர் மையத்தில் லைன் எல்லாம் நிரம்பிவிட்டால் அழைப்பு பக்கத்து மையத்துக்குப் போகும். அங்கே எடுத்துப் பேசிவிட்டு இங்கே அனுப்புகிற அழைப்புகளுக்கான பிரதி அது. அதை எழுதியவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிது, மூன்றே நாளில் முடிக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே இருந்ததை எடுத்து ஈயடிச்சான் காப்பி அடித்தேன். காப்பி என்று தெரிந்தால் கேவலமாயிற்றே என்று உள்ளே இருந்த பெயர்களை எல்லாம் மாற்றினேன். தூரம் என்றிருந்தது இடைவெளி ஆயிற்று, வண்டி வாகனம் ஆயிற்று, கணக்கின் பெயரும் வேறாயிற்று. பரீட்சையில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுகிறவன் நாலு வார்த்தையை மாற்றிப் போடுவானே, அதே புத்தி. பெயரை மாற்றியதால்தான் அது அக்காவின் கண்ணில் படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண்மணி போன் செய்தார். கணவருக்கு நெஞ்சுவலி. லைன் நிரம்பியிருந்தது, அழைப்பு பக்கத்து மையத்துக்குப் போய் என்னுடைய பிரதிக்கு வந்தது. இரண்டு கிலோமீட்டரில் வண்டி இருக்கிறது என்றது அது. இருந்தது, ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஓட்டுநர் அந்தப் பகுதிக்குப் புதியவர். திரை காட்டிய வழியில் மூடிய பாலம் வரை வந்து, திரும்பி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர இருபத்தாறு நிமிடம் ஆனது. அதற்குள் அந்த மனிதர் இறந்துவிட்டார். இந்தப் பக்கம், அவர் வீட்டிலிருந்து ஐந்து நிமிட தூரத்தில், வேறொரு வண்டி சும்மா நின்றுகொண்டிருந்தது.

பாலம் மூடியிருந்ததால் தாமதம் என்று அறிக்கையில் எழுதினார்கள். பாலம் வந்து மறுத்துப் பேசவா போகிறது? அக்கா மட்டும் அந்த அழைப்பு வந்த வழியைத் தேடி ஏழாவதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டு, மேலாளரிடம் போய், ஆறு இடங்களில் திருத்தினேன், ஏழாவதை விட்டுவிட்டேன், தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். மேலாளர் அதைப் படித்து மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அந்தக் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, பேசினால் வேலை போய்விடும் என்று மட்டும் சொன்னார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நான் வாயை மூடிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நான் பரிசோதனைப் பிரிவுக்கு மாறியிருந்தேன். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம்.

அன்றிலிருந்து அக்காவை ஏதோ பிடித்துக்கொண்டது. விசாரணைக்காக அந்த அழைப்பின் ஒலிப்பதிவை ஒருமுறை கேட்டிருந்தார். பின்னணியில் கணவர் பேசுவதும் கேட்டதாம், பதினைந்தாவது நிமிடம் வரை. அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "வருது வருதுன்னு சொல்றீங்க, எங்க வருது?" லிஃப்டுக்காக நிற்கும்போது அந்தக் குரல் கேட்கிறது, அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கும்போது கேட்கிறது என்றார். அவர் வீட்டில் கூடத்தில் ஒரு கடிகாரம், படுக்கையறையில் ஒரு கடிகாரம், இரண்டுக்கும் நாலு நிமிடம் வித்தியாசம். ஒன்றைக் கழற்றிப் பரணில் போட்டார். போன் நம்பர்களைக் கணவர் டைரியிலும் எழுதி ஃபிரிட்ஜ் மேலும் ஒட்டினால் ஒன்றைக் கிழித்துவிடுவார். நல்லவேளை, வீட்டில் புருஷன் ஒருத்தன்தான் இருக்கிறேன் என்று அவர் கணவர் எங்களிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

ஏழு பிரதிகளையும் ஒன்றாக்குவதற்கு அவர் அனுமதி வாங்கினார். மூன்று மாத வேலை. எடுத்தவுடன் எதையும் வெட்டவில்லை. போன ஆண்டு வந்த அழைப்புகளை ஒவ்வொரு பிரதியிலும் ஓட்டி, ஏழும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா என்று பார்த்தார். பல இடங்களில் சொல்லவில்லை. சில வித்தியாசங்களுக்குக் காரணம் இருந்தது, ஆஸ்பத்திரி மாற்றத்துக்குச் சின்ன வண்டி போதாது என்பது போல. மற்றவை யாரோ கைதவறிப் போட்டவை. எது காரணம், எது கைத்தவறு என்று ஓட்டுநர்கள் வரைக்கும் போய்க் கேட்டுப் பிரித்தார். பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்தார். சோதித்தவன் நான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, சாப்பிடப் போகலாமா அக்கா என்று கேட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, தூக்கமே போயிற்று.

என் பிரதியைக் கடைசிக்கு வைத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை எடுக்கப் போகும்போது, இதை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். யாரு எப்ப எழுதினாங்கன்னு அதுலயே பதிவாகியிருக்கே. முதல் நாளே பார்த்துட்டேன்."

பிறகு ஏன் பழியை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"அதைச் சேர்க்க ஒப்புதல் குடுத்தது யாருன்னும் பார்த்தேன். நான்தான். நீ பேரை மாத்தி வெச்சிருந்ததைப் பார்த்து அன்னைக்குச் சிரிச்சேன் தம்பி. புதுசா வந்தவன், போகட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

அழித்தார். நூற்றுப் பன்னிரண்டு வரி போனது. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்கு இரண்டு முறை போனதாகவும், கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டு மணியை அழுத்தாமல் திரும்பியதாகவும் அப்போதுதான் சொன்னார். வேலை போகுமே என்ற பயம் அவருக்கு இல்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நானும் வருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை போனோம். மணியை நான் அழுத்தினேன். சங்கிலி போட்டபடியே கதவு கொஞ்சம் திறந்தது. அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. என்னைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்தார்.

"நீங்கதானே ரெண்டு தடவை வந்து வெளியில நின்னு வீட்டையே பார்த்துட்டுப் போனது? யாரோ என்னவோன்னு பகல்லயே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

இத்தனை நாளும் அந்தக் குரல் தன்னைத் துரத்துகிறது என்று நினைத்திருந்த அக்கா, அந்தக் குரலுக்கு உரியவரைத் தானே பயமுறுத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் பேசினேன். எங்கே வேலை செய்கிறோம் என்று சொன்னேன். பக்கத்திலேயே ஒரு வண்டி இருந்தது, கம்ப்யூட்டர் அக்கரை வண்டியை அனுப்பியது, பாலத்தின் மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது என்றேன். எங்கள் இரண்டு பேருடையதும் என்று அக்கா திருத்தினார். திட்டுவார், இல்லை கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதுன்னதும் நான் உடனே போன் பண்ணலை. வாயுவா இருக்கும்னு வெந்நீர் வெச்சுக் குடுத்தேன். பத்து நிமிஷம் அதுல போச்சு. என்னாலதான் போனாருன்னு..." அக்காவின் முகத்தைப் பார்த்தார். "அப்ப என்னால இல்லையா?"

"இல்லம்மா," என்றார் அக்கா. "நீங்க கூப்பிட்டப்ப நேரம் இருந்துச்சு. நாங்கதான் வரலை."