காற்றுக்கதவு எர்வினின் புது உலை

சுரங்கத்தில் எர்வினுக்குக் காற்றுக்கதவு என்றுதான் பேர். பத்தொன்பது வயதில் கீழே இறங்கினவன், முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கூடை நிலக்கரிகூட வெட்டியதில்லை. பூமிக்கடியில் காற்றும் தானாக வந்துவிடாது. மேலே பெரிய விசிறி இழுக்கும். கீழே எந்தக் கதவைச் சாத்தினால் எந்த வழிக்குக் காற்றுப் போகும் என்று ஒருவன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கருவியெல்லாம் அவனுக்கு அப்புறம்தான். முதலில் உள்ளங்கையை நீட்டுவான்.

அந்தக் கைதான் வீட்டு நிலவறையில், வீட்டைச் சூடாக்குகிற பழைய உலைக்கும் கரி அள்ளிப் போட்டது. அவன் அப்பா வாங்கி வைத்த வார்ப்பிரும்பு உலை அது. காற்றடிக்கிற நாளில் இருமும், புகை கக்கும். உலை இருமினால் அவன் மனைவி தீல்காவும் இருமுவாள். திட்டிக்கொண்டே ஜன்னலைத் திறப்பாள். இருபது வீட்டிலும் இதே உலைதான், ஒரு துவைத்த துணிகூட வெள்ளையாகக் காயாத தெரு. கடைசியில் நகரசபையிலிருந்து ஓலை வந்தது: வருஷ முடிவுக்குள் பழைய உலை எதுவும் இருக்கக்கூடாது.

அக்டோபரில் புதுசு வந்தது. பளபளவென்று, தானே கரியை எடுத்துத் தின்கிற உலை. பச்சை விளக்கு ஒன்று எரியும். சத்தமில்லை, புகையில்லை. அதற்கு மூச்சுவிட என்று நிலவறைச் சுவரில் ஒரு துளை போட்டார்கள். புகைபோக்கி துடைக்கிற பெனெக் வந்து சோதித்துக் கையெழுத்துப் போட்டான். கரிபூசிய கறுப்பு உடுப்பில் அவனைக் கண்டதும் தீல்கா ஓடிவந்து தன் ரவிக்கைப் பித்தானைப் பிடித்துக்கொண்டாள். புகைபோக்கி துடைக்கிறவனைப் பார்த்தால் பித்தானைப் பிடிக்க வேண்டும், நல்லது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

"எர்வின் அண்ணே, இந்தத் துளையை மட்டும் அடைச்சிராதீங்க."

"நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நான் காத்துக்குக் கதவு தெறந்தவன்டா."

"அதான் பயமே. மத்தவங்க கந்தலை வெச்சு அடைப்பாங்க. நீங்க அடைச்சா எறும்பு நுழையாது." சிரித்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான் பெனெக். "மேல வீட்டுல புது ஜன்னலு, ஒரு இடுக்கு இல்ல. சமையக்கட்டுல எக்ஸாஸ்ட் விசிறி ஓடினா அது எங்கிருந்தாவது இழுத்துத்தானே ஆகணும்? இந்தத் துளை இல்லேன்னா புகைபோக்கி வழியா இழுக்கும். வெளிய போற விஷம் உள்ள எறங்கும். வாசனைகூட வராது."

"எனக்கே பாடமா?" என்றான் எர்வின்.

நவம்பர் கடைசியில் குளிர் இறுகியது. துளை வழியாக வந்த காற்று படியேறிச் சமையற்கட்டுத் தரையில் படுத்துக்கொண்டது. தீல்காவுக்கு இரண்டு முழங்காலும் வாதம்.

"என்ன உலை வாங்கின, கிழவா? காலை யாரோ பனிக்கட்டியில கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. பழைய சனியனாவது சுட்டுச்சு."

அன்று சாயங்காலம் அவன் தன் சுரங்கத்துப் பஞ்சுச்சட்டையை எடுத்து, மடித்து, துளைக்குள் திணித்தான். உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான். அசைவில்லை. நல்ல வேலை. அவளிடம் சொல்லவில்லை. எக்ஸாஸ்ட் ஓடுவது ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குத்தான். மற்ற நாளெல்லாம் சூப்பும் ரொட்டியும். ஞாயிறு காலை எடுத்துவிடுவது, ராத்திரி திரும்ப அடைப்பது. கதவு பார்த்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமா? தீல்காவின் கால் தேறியது. நிலவறைக் கதவையும் திறந்தே வைத்தான். வெதுவெதுப்பு படியேறி வரட்டும் என்று.

அந்த மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அவள் திடீரென்று எக்ஸாஸ்டைப் போட்டு மீன் பொரித்தாள். பொரித்து முடிப்பதற்குள் தலைவலி, வாந்தி.

"மீன்காரி ஏமாத்திட்டா. கண்ணைப் பாத்தே வாங்கினேன்" என்றாள்.

அவனும் அதே மீனைத்தான் தின்றான். ஒன்றும் ஆகவில்லை. அவன் முற்றத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். துளை நினைவு வந்து நிலவறைப் படியில் நாலு படி இறங்கினான், நின்றான், சட்டையை எடுக்காமலே மேலே வந்துவிட்டான். "மீன்தான்" என்றான்.

டிசம்பர் நாலு, புனித பார்பரா நாள். சுரங்கத்துக்காரர்களின் திருநாள். விடியும் முன்பே வாத்தியக்காரர்கள் தெருவில் ஊதிக்கொண்டு போனார்கள். எர்வின் கறுப்புச் சீருடை மாட்டினான். இறகு வைத்த தொப்பியைத் தீல்கா ஊதி ஊதிச் சரி செய்தாள்.

"பூசை முடிஞ்சதும் வந்துடு. பீர்க்கடைப் பக்கம் தலை திரும்புச்சு, இந்த இறகை நானே பிடுங்கிருவேன்."

"என்ன சமையல்?"

"போ, போ. வந்து பாரு."

அன்று புதன்கிழமை.

கோயிலில் செத்த சுரங்கத்துக்காரர்களின் பேர்களை வாசித்தார்கள். மூன்று பேரை எர்வினே தோளில் தூக்கி வந்திருக்கிறான், விஷவாயு பிடித்தவர்களை. மூன்று பேர் முகமும் கல்யாண ஆட்டத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி சிவந்திருந்தன. அது நினைவுக்கு வந்ததும் தீல்கா இறகை ஊதியது நினைவுக்கு வந்தது. வந்து பாரு என்றாளே. திருநாளென்றால் இறைச்சிச் சுருள், கிழங்கு உருண்டை. கொதிக்கிற தண்ணீர். எக்ஸாஸ்ட்.

வாசிப்பு முடியவில்லை. அவன் தொப்பியோடு ஓடினான். பனியில் இரண்டு தடவை விழுந்தான்.

சமையற்கட்டு ஜன்னல் முழுக்க வேர்த்திருந்தது. விசிறி இரைந்துகொண்டிருந்தது. உருண்டைகள் வெந்து கரைந்து கஞ்சியாகிவிட்டன. தீல்கா முக்காலியில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்திருந்தாள். கன்னம் இரண்டும் இளம்பெண்ணுடையவை போலச் சிவந்து, அழகாக இருந்தன.

மூச்சை அடக்கிக்கொண்டு கக்கத்தில் கை கொடுத்து இழுத்தான். முற்றத்துப் பனியில் கிடத்தினான். "தீல்கா, ஏய் கிழவி, திட்டுடி" என்று கன்னத்தில் அறைந்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். அது வருவதற்குள் அவள் ஒருமுறை வாந்தி எடுத்தாள். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெனெக் வந்து சட்டையை உருவி வெளியே போட்டான். எர்வின் கை தன் பித்தானுக்குப் போய்ப் பாதியில் நின்றது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஞாபகம் கொஞ்சம் தடுமாறலாம் என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்து அனுப்ப, அவள் வீட்டுக்கு வந்தாள். நடந்தாள், சாப்பிட்டாள், தொப்பியிலே மண் என்று திட்டினாள். அவனுக்குப் போன உயிர் வந்தது. துளையை அடைத்தது தான்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாமென நிலவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனான். துளையிலிருந்து காற்று கத்திபோல வந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தீல்கா உலையைச் சுற்றிப் பார்த்தாள். விருந்தாளி வீட்டுச் சாமானைத் தொடுவதுபோல ஒரு விரலால் தொட்டாள்.

"இது யாரோடது, எர்வின்? நம்ம உலையை எப்ப மாத்த வராங்க?"

அவன் அவளைப் படிப்பக்கம் திருப்பினான்.

"வருவாங்க" என்றான்.